அடிக்காட்டில் ஒரு வெள்ளைப் பூ: பெயர் தெரியாத செடியைக் கணுவிலிருந்து கண்டுபிடித்த அனுபவம்

பெயர் தெரியாத செடி ஒன்று பூத்து நின்றால் எல்லோரும் முதலில் பூவைத்தான் படம் எடுப்போம். அதில் தப்பே இல்லை, பூத்ததால்தானே அது கண்ணில் பட்டது. ஆனால் நம் கிழக்குக் கரையோரக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் ஓர் ஆள், ஒன்றரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற செடிகளில் வெள்ளையாக, கொத்துக்கொத்தாக, வாசனையோடு பூப்பவை பல உண்டு. நிறத்தை வைத்து அவற்றைப் பிரிக்கவே முடியாது. எனக்கு அப்படி ஒரு செடி கிடைத்தது. அதன் பெயரைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி பூவைப் பற்றியது அல்ல, இலை தண்டோடு சேரும் இடமான கணுவைப் பற்றியது. இதைத் தமிழில் நிதானமாக எழுதி வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் எனக்குத் தெரிந்தவரை விளக்கமாகவே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில். விழுப்புரம் மாவட்டத்தில், கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஐயனார் கோயில்காடு. சின்னக் காடுதான், ஒரு சுற்றுச் சுற்றி வர அதிக நேரம் ஆகாது. ஆனால் உள்ளே நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் சட்டென்று அடங்கிவிடும். தாவரவியல்காரர்கள் இந்த வகையை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் மழையே பார்க்காத ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, இலையை உதிர்க்காமல் நிற்கும் காடு. மரங்கள் வானளாவ உயரமாக இருக்காது, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். இலைகள் தடிப்பாக, பளபளவென்று இருக்கும். காசான், வீரை, காட்டு நாரத்தை, நாவல் எல்லாம் தோளோடு தோள் நெருங்கி நிற்கும். சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு குறுகிய பட்டையாக இருந்த இந்தக் காட்டில் இன்று மிச்சமிருப்பது துண்டு துண்டாகத்தான், அதிலும் பல துண்டுகள் தப்பியது சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு இதற்கு நல்ல உதாரணம். பார்க்காதவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து முடிந்த மாலையில்தான் அந்தச் செடியைப் பார்த்தேன். மண்குதிரைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய வீரை மரத்தின் கீழே, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான உயரத்தில் நின்றிருந்தது. அடியிலிருந்தே பல கிளைகள். ஒவ்வொரு கிளை நுனியிலும் கையகலத்துக்கு ஒரு வெள்ளைக் கொத்து. தள்ளி நின்று பார்க்கும்போது கொத்தின் மேலே மெல்லிய ஊசிகளைக் குத்தி வைத்தாற்போல் இருந்தது, ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு நீண்ட நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருட்ட இருட்ட வாசனை கூடியது. மல்லிகை அளவுக்குத் தூக்கலான வாசனை இல்லை, லேசான இனிப்பு.

அங்கே ஆடு மேய்க்க வரும் ஆயா ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்.

"ஆயா, இது என்ன செடி?"

"இதா? பாவட்டை. ஆடு அவ்வளவா கடிக்காது."

கோயிலில் விளக்கேற்ற வந்த இன்னொருவர் "காட்டு இட்லிப்பூ" என்றார். ஊரில் நாட்டு மருந்து தெரிந்த பெரியவர் ஒருவர் கிளையைப் பார்க்காமலே, நான் சொன்ன அடையாளத்தை மட்டும் கேட்டுவிட்டு "தெரணியாக இருக்கும்" என்றார். கைப்பேசிச் செயலியில் படத்தைப் போட்டால் 'இக்ஸோரா' என்று வந்தது, அதாவது வீட்டு வாசலில் நாம் வளர்க்கும் இட்லிப்பூவின் இனம். ஆக, ஒரு செடிக்கு மூன்று பெயர். இதில் யாரையும் நான் குறைவாக நினைக்கவில்லை. ஊர்ப்பெயர்தான் தேடலுக்கு முதல் பிடி. ஒரே பெயரை இரண்டு மூன்று செடிகளுக்கு வைத்திருப்பார்கள், ஒரே செடிக்கு அடுத்த தாலுகாவில் வேறு பெயர் இருக்கும், அதனால் கேட்ட பெயரை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளாமல், "இதுவாக இருக்கலாம்" என்கிற பட்டியலில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். செயலி சொல்வதையும் அதே பட்டியலில்தான் வைக்க வேண்டும். நம் காட்டுச் செடிகளின் படங்களைவிடத் தோட்டச் செடிகளின் படங்கள்தான் உலகத்தில் அதிகம். செயலி பெரும்பாலும் குடும்பம்வரை நம்மைச் சரியாகக் கொண்டுபோய் விடும், அதற்கு மேலே நாம்தான் நடக்க வேண்டும்.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கணுவைக் காட்டுங்க சார், நுனியிலிருந்து ரெண்டாவது கணு" என்றார்.

இதுதான் விஷயம். பெயர் தெரியாத எந்தச் செடியையும் நான் இப்போது கணுவிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? இலைக்காம்பின் அடியில் ஏதாவது செதில் இருக்கிறதா? இருந்தால் எங்கே, காம்போடு ஒட்டியா, அல்லது இரண்டு காம்புகளுக்கும் நடுவில் தண்டின் மேலேயா? இந்த மூன்று கேள்விக்கும் பூவே தேவையில்லை, வருடம் முழுவதும் பதில் கிடைக்கும். காட்டில் நிற்கும் நூறு செடிகளை ஐந்தாறாகக் குறைத்துவிடும் கேள்விகள் இவை.

என் செடியில் இலைகள் எதிரெதிர். இளங்கணுவில், எதிரெதிராகப் புறப்படும் இரண்டு இலைக்காம்புகளுக்கு இடையே தண்டின் மேல் சின்னதாக ஒரு முக்கோணச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் முனை கூராக நீண்டிருந்தது. தண்டைத் திருப்பினால் மறுபக்கமும் அதேபோல் ஒன்று. இதை இலையடிச்செதில் என்பார்கள், காம்புகளுக்கு இடையில் அமைந்திருப்பது இதில் விசேஷம். கீழே, வயதான கணுக்களில் செதில் உதிர்ந்துபோய் இரண்டு காம்புகளையும் இணைக்கும் ஒரு மெல்லிய கோடு மட்டும் தழும்பாக நின்றது. முதிர்ந்த கிளையை மட்டும் பார்ப்பவர் "செதில் இல்லை" என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அதனால்தான் நண்பர் நுனியிலிருந்து இரண்டாவது கணுவைக் கேட்டிருக்கிறார்.

எதிரெதிர் இலை, பிளவு இல்லாத பல் இல்லாத முழு இலை, காம்புகளுக்கு இடையே செதில். இந்த மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் தொண்ணூறு சதவீதம் காபிக் குடும்பம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். ரூபியேசியே என்பது அதன் அறிவியல் பெயர். உலகம் முழுவதும் சுமார் 13,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். காபி, இட்லிப்பூ, நுணா எல்லாம் இதில்தான் வரும். கண் பழக வேண்டுமென்றால் காட்டுக்கே போக வேண்டாம். வாசலில் இருக்கும் இட்லிப்பூச் செடியின் நுனிக் கணுவைப் பாருங்கள், வேலியோரத்து நுணாவைப் பாருங்கள், அந்தச் செதில் தெரியும். பிறகு நாவல் கிளை ஒன்றைப் பாருங்கள், இலை எதிரெதிராகத்தான் இருக்கும், செதில் இருக்காது. எலுமிச்சையைப் பாருங்கள், இலையே மாறி மாறித்தான் இருக்கும். இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரே வாரத்தில் விரல் தானாகவே கணுவைத் தேடிப் போகும்.

இந்த ஒரு அடையாளமே அந்தக் காட்டில் எத்தனை செடிகளைத் தள்ளிவிடுகிறது பாருங்கள். காசானுக்கு எதிரெதிர் இலை, ஆனால் செதில் கிடையாது. பூத்தால் சந்தேகமே வராது, கிளையோடு ஒட்டி நீலமாகப் பூக்கும், ஆனால் பூக்காத காலத்தில் செதில் இல்லாததுதான் துணை. காட்டு நாரத்தைக்கும் குலப்பன்னைக்கும் வெள்ளைப் பூ, வாசனையும் உண்டு, ஆனால் இலை மாற்றடுக்கு, கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். காட்டு மல்லிகைகள் எதிரிலைதான், செதில் இல்லை, பெரும்பாலும் கொடியாகப் படரும். மருக்காரையும் காரையும் காபிக் குடும்பமேதான், ஆனால் முள் உண்டு. என் செடியில் முள்ளே இல்லை. ஆக மிச்சம் நின்றது பாவட்டை, காட்டில் தானாக வளரும் வெட்சி (இட்லிப்பூவுக்கு இன்னொரு பெயர்) இனம் ஒன்று, தெரணி. ஊர்க்காரர்கள் சொன்ன அதே மூன்று! அவர்கள் மூவரும் செடியைச் சரியான குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இனிமேல்தான் பூவுக்கு வேலை. பூவைப் பார்ப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இதழ் எண்ணிக்கை, ஒரே பூவில் அல்ல, நாலைந்து பூக்களில் எண்ண வேண்டும், ஏனென்றால் வழி தவறிய பூ ஒன்றிரண்டு எந்தக் கொத்திலும் இருக்கும். என் செடியில் எல்லாவற்றிலும் நாலு இதழ்கள். தெரணிக்கு ஐந்து. அதனால் தெரணி விலகிவிட்டது. தெரணியின் பூ வெள்ளையாகத் தொடங்கி மஞ்சளாக மாறும் என்பதும், அதன் இலையை உலர்த்தினால் கருத்துப்போகும் என்பதும் கூடுதலாக உதவும் அடையாளங்கள்.

அப்புறம் மொட்டு. விரியப் போகிற மொட்டின் நுனியை லென்ஸில் பார்த்தால் இதழ்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தன. பூக்குழலுக்கு அடியில் புல்லிவட்டம், அதற்கும் கீழே பச்சையாகச் சின்ன உருண்டை, அதுதான் பின்னால் காயாக மாறும் சூற்பை. சூற்பை இதழ்களுக்குக் கீழே இருப்பதும் இந்தக் குடும்பத்தின் முக்கியமான அடையாளம். கணுவில் கிடைத்த விடையைப் பூவும் ஆமோதிக்கிறதா என்று இப்படிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பாவட்டைக்கும் காட்டு வெட்சிக்கும் நாலு இதழ்தான். இரண்டையும் பிரிப்பது நான் தூரத்திலிருந்து பார்த்த அந்த நீண்ட நூல். அது சூல்தண்டு, பூவின் பெண்பாகத்தின் காம்பு. வெட்சி இனங்களில் அது பூக்குழலின் வாயைவிட்டுக் கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும், நுனி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் வளைந்திருக்கும். வாசல் இட்லிப்பூவில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். என் செடியில் பூக்குழல் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால், குழலுக்கு வெளியே சூல்தண்டு ஏறக்குறைய இன்னொரு அதே நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நுனி பிரியவில்லை, லேசாகத் தடித்து முடிந்தது. இது பாவட்டை.

லென்ஸோடு அந்த நூலில் கொஞ்ச நேரம் செலவிடுவது வீண்போகாது. புதிதாக விரிந்த பூவில் சூல்தண்டின் மேல்பகுதி முழுக்க மாவு பூசியதுபோல் மகரந்தம் ஒட்டியிருக்கும். மகரந்தப்பைகள் மொட்டுக்குள்ளேயே வெடித்து, தங்கள் மகரந்தத்தைப் பக்கத்தில் இருக்கும் சூல்தண்டின் மேல் அப்பிவிடுகின்றன. பூ விரியும்போது சூல்தண்டு நீண்டு அதை வெளியே தூக்கிக் காட்டுகிறது. வேலை முடிந்த மகரந்தப்பைகள் இதழ்களுக்கு நடுவே சுருண்டு தொங்குகின்றன. பூவைத் தேடி வரும் அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியோ குழலுக்குள் உறிஞ்சியை விடும்போது உடம்பில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு போகிறது. அதற்கப்புறம்தான் அதே சூல்தண்டின் நுனி வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. முதலில் கொடுக்கிறது, பிறகு வாங்குகிறது. ஒரே கொத்தில் மகரந்தம் பூசிய நூல்களும், பூச்சிகள் வந்துபோய்ச் சுத்தமாகிவிட்ட நூல்களும் பக்கம் பக்கமாக நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். வெட்சி இனங்களும் இதே முறையைத்தான் கையாள்கின்றன, அதனால் அடையாளம் காண இது மட்டும் போதாது. ஆனாலும் ஒரு செடியைப் பெயருக்காக மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காமல் போய்விடுமே என்று தோன்றுகிறது.

கடைசி உறுதி இலையில் கிடைத்தது. பாவட்டை இலை ஒன்றை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இலைப்பரப்பில் அங்கங்கே கரும்புள்ளிகள் தெரியும், விரலால் தடவினால் சில லேசாக மேடிட்டிருப்பதும் தெரியும். பூச்சி கடித்ததோ நோயோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அவை பாக்டீரியா வாழும் முடிச்சுகள். செடியின் குருத்திலேயே குடியிருக்கும் பாக்டீரியா, இலை விரியும் முன்பே அதற்குள் நுழைந்து முடிச்சாகத் தங்கிவிடுகிறது, விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது. எந்தச் செடியைப் பார்த்தாலும் இப்படி இருக்காது, மிகச் சில பேரினங்களில்தான் இந்த ஏற்பாடு உண்டு. 1902-ல் சிம்மர்மன் என்ற ஆய்வாளர் பாவட்டை உள்ளிட்ட சில செடிகளின் முடிச்சுகளில் பாக்டீரியா இருப்பதை விவரித்து எழுதினார். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இதற்கு நுண்ணோக்கி வேண்டாம், பூவும் வேண்டாம். மார்கழியில் பூவே இல்லாத ஒரு செடியின் இலையைத் தூக்கிப் பிடித்து, புள்ளியைப் பார்த்துவிட்டு "இது பாவட்டையாகத்தான் இருக்க வேண்டும்" என்று சொல்ல முடிகிறது. எலுமிச்சைக் குடும்பத்து எண்ணெய்ப் புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒளியை விடும், எண்ணிக்கையில் மிக நெருக்கமாக இருக்கும். இது ஒளியை மறைக்கும், சிதறிக் கிடக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். சென்னை மாகாணத்துக்கு கேம்பிள் எழுதத் தொடங்கி ஃபிஷர் முடித்த தாவரத் தொகுப்பு 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. பழைய ஆங்கிலம், பொடி எழுத்து, ஆனாலும் நம் பகுதிக்கு இன்றும் கையில் எடுக்க வேண்டியது அதுதான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இருக்கும் திறவுகோல் இரண்டு இரண்டு தேர்வாகக் கேட்டுக்கொண்டே போகும். இலை இப்படியா அப்படியா, சூல்முடி, அதாவது சூல்தண்டின் நுனி, பிரிந்ததா பிரியாததா. செடியின் முன்னால் நின்று குறிப்பெடுத்திருந்தால் திறவுகோல் கதவுகளைத் திறந்துகொண்டே போகும். வெறும் பூப்படம் மட்டும் கையில் இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். அதனால் புத்தகத்தில் என்ன கேட்பார்கள் என்று வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டுக் காட்டுக்குப் போவது மிகவும் உதவும்.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு, தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாவட்டையின் அறிவியல் பெயர் பவெட்டா இண்டிகா. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. காட்டு வெட்சியின் இப்போதைய அறிவியல் பெயர் இக்ஸோரா பவெட்டா! இரண்டிலும் 'பவெட்டா' வருவதால் இணையத்தில் படங்கள் கலந்து கிடக்கும். பழைய நூல்களில் அந்த வெட்சி இக்ஸோரா பார்விஃப்ளோரா, இக்ஸோரா ஆர்போரியா என்ற பெயர்களில் இருக்கும். பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க லண்டன் கியூ தோட்டத்தின் இணையத் தரவுத்தளம் போதும், பழைய பெயரைப் போட்டால் இப்போது ஏற்கப்பட்ட பெயரைக் காட்டிவிடும்.

அந்தக் காட்டு வெட்சியைப் பற்றியும் நாலு வரி சொல்ல வேண்டும், அதுவும் அதே காட்டில் சற்றுத் தள்ளி நிற்கிறது. கொஞ்சம் வெயில் விழும் ஓரத்தில், சின்ன மரமாகவே. சில ஊர்களில் கொரிவி என்றும் சுளுந்து என்றும் சொல்வார்கள். அதன் குச்சி பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொண்டு எரியும், அந்தக் காலத்தில் இருட்டில் நடப்பவர்கள் பந்தமாகப் பிடித்துப் போயிருக்கிறார்கள். இலை தடிப்பானது, காம்பு இல்லை என்றே சொல்லலாம், அடி உருண்டையாகத் தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பாவட்டை இலை மெல்லியது, அடி குறுகி ஒரு தெளிவான காம்பாக இறங்கும். வெட்சியின் பூ மிகச் சின்னது, குழல் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் கொத்து பெரியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இனி வாழ்நாளில் இரண்டும் குழம்பாது. தனியாக ஒன்றை மட்டும் பார்ப்பதைவிட, அதோடு குழம்பக்கூடிய செடியையும் தேடிப் போய்ப் பார்த்துவிடுவதுதான் என் அனுபவத்தில் சீக்கிரம் கற்க உதவும் வழி. அப்புறம், பாவட்டையிலேயே இலையின் அடிப்புறம் மென்மயிர் அடர்ந்த ஒரு நெருங்கிய உறவும் நம் பக்கம் உண்டு, பவெட்டா டொமென்டோசா. அதனால் இலையைத் திருப்பிப் பார்க்காமல், தடவிப் பார்க்காமல் வரக் கூடாது.

படம் எடுப்பது பற்றி. முழுச் செடி ஒன்று, அது நிற்கும் இடம் தெரியும்படி. ஒரு கிளை, இலை அடுக்கு தெரியும்படி. நுனிக் கணு நெருக்கத்தில். இலையின் மேல்புறம், அடிப்புறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது. பூவை முன்னாலிருந்து எடுப்பதைவிடப் பக்கவாட்டில் எடுப்பது முக்கியம், குழலும் சூல்தண்டும் சூற்பையும் அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேல். கொத்து கிளையின் நுனியில் இருக்கிறதா, இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையிலான மூலையில், இருக்கிறதா என்பது ஒரு படத்திலாவது தெரிய வேண்டும். காபிக் குடும்பத்திலேயே இலைக்கக்கத்தில் பூக்கும் செடிகள் தனிக் கூட்டம். படத்தில் வராதவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்: வாசனை எந்த நேரத்தில் இருந்தது, கிளையை ஒடித்தால் பால் வந்ததா, மண் என்ன, நிழலா வெயிலா, என்ன பூச்சி வந்தது, தேதி, இடம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். லென்ஸைச் செடிமேல் வைத்து எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கோயில்காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதை மதித்தே ஆக வேண்டும், அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அங்கே பார்க்கச் செடியே இருந்திருக்காது. கீழே உதிர்ந்த பூவை எடுத்துப் பார்க்கலாமே என்று நினைப்போம். ஒன்று நினைவில் வையுங்கள், பாவட்டையில் உதிர்வது இதழ்க்குழல்தான். சூல்தண்டு கீழே சூற்பையோடு சேர்ந்தது, அது கிளையிலேயே நின்றுவிடும். எனவே நமக்கு வேண்டிய முக்கியமான அடையாளம் உதிர்ந்த பூவில் இருக்காது. கிளையை மெல்ல வளைத்துப் பிடித்து, பார்த்துவிட்டு விட்டுவிடுவதே போதும். எனக்கு ஒரே ஒரு பூ வேண்டியிருந்தபோது பூசாரியிடம் கேட்டேன். "சாமிக்கு வைக்கிற பூதானே, ஒன்னு எடுத்துக்கங்க" என்று அவரே பறித்துக் கொடுத்தார். அதை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பார்த்தோம், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸில் பார்த்தார்.

காய்க்கும் காலத்திலும் போய்ப் பார்த்தேன். பச்சை உருண்டைகள் மெல்லக் கருத்து, பட்டாணி அளவில் பளபளவென்று கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றின் தலையிலும் புல்லிவட்டத்தின் மிச்சம் ஒரு சின்ன கிரீடமாக ஒட்டியிருந்தது, சூற்பை கீழே இருந்ததற்கு அது இன்னொரு சாட்சி. கொண்டைக்குருவிகள் தின்றுகொண்டிருந்தன. கீழே விழுந்த ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்ததில் உள்ளே இரண்டு விதைகள். பூவில் தொடங்கியதைப் பழம்வரை கொண்டுபோய் முடித்தால்தான் ஓர் அடையாளம் முழுமையாகிறது என்பது என் எண்ணம். ஆயாவிடம் போய் "நீங்க சொன்னதுதான் ஆயா, பாவட்டையேதான்" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாவட்டையின் வேருக்கும் இலைக்கும் நாட்டு மருத்துவத்தில் இடம் உண்டு, அதனால் பெயர் தெரிந்ததும் "இலை கொஞ்சம் கொண்டு வாங்களேன்" என்று கேட்பவர்கள் வருவார்கள். படத்தை வைத்து அடையாளம் கண்ட எந்தச் செடியையும் வாயில் வைக்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. மருந்துக்கு அடையாளம் காண்பது அதில் ஊறிய வைத்தியரின் வேலை. சந்தேகம் தீராத செடிகளுக்கு, உலர்த்திய செடி மாதிரிகளைப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் உலர்தாவரத் தொகுப்புகள் (ஹெர்பேரியம்) இருக்கின்றன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரேபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஒழுங்காகக் குறிப்பெடுத்துக் கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அணுகினால் நல்லது.

இந்தச் செடிக்காக நான் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. கோயில்காடுகளில் பெரிய மரங்களுக்கு மரியாதை இருக்கிறது. அவற்றின் அடியில் நிற்பவற்றை 'புதர்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு, திருவிழாவுக்கு முன்னால் 'சுத்தம்' செய்கிறார்கள். இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் தரையோடு வழித்த காடுகளை நான் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும். அடிக்காடு போனால் மரத்தின் கன்று எழும்ப நிழலும் ஈரமும் இல்லை, பூச்சிக்குப் பூ இல்லை, குருவிக்குப் பழம் இல்லை, மேலே மரம் மட்டும் நின்று என்ன செய்ய? இந்தக் கோயிலிலும் அப்படி ஒரு பேச்சு வந்தது. நான் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் கூட்டிப் போய், பாவட்டை, காட்டு வெட்சி, தெரணி, குலப்பன்னை, காசான் கன்றுகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எது எப்போது பூக்கும், எது எந்தக் குருவிக்கு உணவு என்று சொன்னேன். "பேர் இல்லாத புதர்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். நடைபாதையிலும் பொங்கல் வைக்கும் திடலிலும் மட்டும் வெட்டுவது, மண்குதிரைக்குப் பின்னால் அரிவாள் வைக்க வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அடுத்த ஆவணியில் பழுத்த விதைகளைக் கொஞ்சம் எடுத்து, ஓரத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் நாற்றுவிடப் பூசாரி இடம் ஒதுக்கியிருக்கிறார்.